இரண்டா மூன்றா

பிற்பகல் வெயில் பேஸ்பால் மைதானத்து ஒலிபரப்பு அறையின் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. மைக் முன்னால் வர்ணனையாளர் வெர்லின் ஹாக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்கோர் எழுதும் லொரெட்டா சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்புகிறாள். இன்னும் யாரும் அவுட் இல்லை. மட்டைக்காரன் அடித்ததும் ஓட, முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் ஆளுக்கொருவராக நிற்கிறார்கள். "அன்னைக்கும் இப்படித்தான் நின்னாங்க," என்கிறார் வெர்லின், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "பதினோரு வருஷமா இதே பாட்டு. ஆட்டத்தைச் சொல்லுய்யா," என்கிறாள் அவள். பதினோரு வருஷத்துக்கு முன் அன்று, இதே அணியில் ஆடிய டெக்கர் ஒரே பந்தில் தனியாளாக மூன்று பேரை அவுட் ஆக்கினான். தன் கண்ணையே நம்பாமல் வெர்லின் ஒலிபரப்பில் இரண்டு என்றார். அந்தக் குளிர்காலத்திலேயே டெக்கர் செத்துப்போனான். ஒலிப்பதிவில் இன்னும் இரண்டுதான். அவன் அம்மா அதைத்தான் அடிக்கடி போட்டுக் கேட்கிறாளாம்.

மட்டை படீரென்கிறது. பந்து தரையில் படாமல் நேராக, இரண்டாம் தளத்தருகே நிற்கும் மரோனியின் கையுறைக்குள் போகிறது. அங்கிருந்து ஓடிவிட்டவன் திரும்புமுன் அவன் இரண்டாம் தளத்தை மிதிக்கிறான். முதல் தளத்திலிருந்து ஓடிவந்து, நிற்க முடியாமல் தடுமாறுகிறவனைப் பந்தோடு தொடுகிறான். பந்தைப் புல்லில் உருட்டிவிட்டு நடக்கிறான். கூட்டத்துக்கு இன்னும் புரியவில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் மட்டும் கேட்கிறது. லொரெட்டா மூன்று விரல்களைத் தூக்குகிறாள். வெர்லின் அவற்றைப் பார்க்காமலே நிதானமாகச் சொல்கிறார்: "பிடிச்சான், ஒண்ணு. மிதிச்சான், ரெண்டு. தொட்டான், மூணு. மூணும் ஒரே ஆள். டெக்கர்." ஸ்கோர் தாளில் மரோனியின் பெயரைப் பென்சிலால் தட்டித் தட்டிக் காட்டுகிறாள் லொரெட்டா. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வெர்லின் பெயரைத் திருத்தவில்லை.