தாலிக்கு அளவு

டாக்டர் நளாயினியின் விரல்கள் சும்மா இருக்காது. எந்தக் குழந்தையைக் கொஞ்சினாலும் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடும். முப்பது வருடங்களாகக் குழந்தைகளின் புற்றுநோயோடு மல்லுக்கட்டிய பழக்கம். அவர் ஆராய்ந்து கண்ட மருந்தில் முதலில் பிழைத்தவள் தமயந்தி. இன்று வருங்காலக் கணவனோடு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருந்தாள்.

"பதினெட்டாம் தேதியா! நான் இல்லாமலா?" என்று நளாயினி அவளைக் கட்டிக்கொண்டார். விரல்கள் தாமாகக் கழுத்துக்குப் போயின.

"என்ன டாக்டரம்மா, தாலிக்கு அளவெடுக்கிறீங்களா?" என்று அவன் சிரித்தான்.

தமயந்தியும் சிரித்தாள். இடது காதுக்குக் கீழே ஒரு விரல் மட்டும் நகராமல் நின்றது. அவளுக்கு அந்த விரலைத் தெரியும். சிரிப்பை நிறுத்தினாள்.

"கல்யாணம் என்னைக்குன்னு சொன்னேம்மா?" என்று கேட்டார் நளாயினி.