கோடு போட்ட சதுரம்

மடியில் போர்த்திக்கொள்ளும் ஒட்டுத்துணிப் போர்வையின் முப்பது சதுரங்களில் ஒன்று மட்டும் ஏன் பிரிந்துகொண்டே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வேலை சுலபமானது. பழைய துணிகளைச் சம சதுரங்களாக வெட்டி, வரிசை வரிசையாக மெஷினில் இணைத்து, அடியில் கம்பளித் துணி கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இன்று மாலையில் அக்கா வீடு திரும்புகிறாள். அவளுக்குத்தான் இந்தப் பரிசு. நடுவில், இறந்துபோன அத்தானின் கோடு போட்ட சட்டைத் துண்டை வைத்துத் தைத்தேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் அந்தச் சதுரம் மட்டும் தனியே கிடந்தது. மறுபடி தைத்தேன். மறுபடியும் அதே கதை.

"பூனை வேலையா இருக்கும்," என்றார் கணவர்.

"பூனை நூலை உருவி, கண்டுல சுத்தி வைக்குமாங்க?"

அத்தான் தையல்காரர், இடக்கைக்காரர். இருந்தவரை நான் தைத்த எதையும் பிரிக்காமல் விட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போய்ச் சேர்ந்தும் குறையா அத்தான்? உங்க பொண்டாட்டிக்குத்தானே தைக்கிறேன்! அவ்வளவு ரோஷம்னா நீங்களே தைச்சுக்குங்க!"

ஊசியில் நூல் கோத்து, துணியில் குத்திவிட்டு எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது சதுரம் தன் இடத்தில் இருந்தது. என் கைத்தையல் வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஆக, அத்தானின் துணியை மெஷினில் தைக்கக் கூடாது. ஊசியைக் கோத்து வைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும்.