சுத்தமான சாக்கடை

மூன்றாவது மாடியை நோக்கி அவள் படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

பின்னால் கோட்டுப் போட்ட இரண்டு பேர். வயதில் அவளுக்குப் பாதிதான். இரண்டாம் மாடியிலேயே அவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"அக்கா, லிஃப்ட் இருக்கு," என்று கீழிருந்து குரல் கொடுத்தான் ஆய்வகத்தின் தலைமை அதிகாரி. ஒரு காலத்தில் இதே ஆய்வகத்தில் அவளிடம் உதவியாளனாக இருந்தவன்.

"அது வர்றதுக்குள்ள பதினொண்ணு அடிச்சிடும்டா."

பதினோரு மணிக்குப் புதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாயைத் திறக்க வேண்டும். நான்கு லட்சம் பேர் குடிக்கப்போகும் தண்ணீர்.

போன மழைக்காலத்தில் ஊர்க் குழாயில் வந்த தண்ணீர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வாந்தியும் பேதியுமாய்க் கொண்டுபோனது. 'தண்ணீர் சுத்தம்' என்று கையெழுத்துப் போட்ட தாள் அன்றைக்கும் இருந்தது.

அதனால்தான், வண்டியை விட்டு இறங்கியதும் மேடைக்குப் போகாமல் இங்கே ஓடி வந்திருந்தாள்.

ஆய்வக மேசைமேல் பதிமூன்று கண்ணாடித் தட்டுகள். பன்னிரண்டில் புது நிலையத்துத் தண்ணீர். ஊட்டச்சத்துக் கூழில் ஊற்றி, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்திருந்தார்கள். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாய் முளைக்கும்.

குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

ஒரு புள்ளிகூட இல்லை.

"துடைச்சு வச்ச மாதிரி இருக்குல்ல?" பின்னாலேயே ஏறி வந்த தலைமை அதிகாரியின் முகமெல்லாம் பல். "அறிக்கை ரெடிக்கா. நீங்க கீழ போய்த் திறந்துவிட வேண்டியதுதான்."

அவள் பதிமூன்றாவது தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அதில் ஊற்றியிருந்தது சாக்கடைத் தண்ணீர். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பதற்காகவே வைக்கிற தட்டு. அதில் கிருமி கும்மாளம் போட்டிருக்க வேண்டும்.

அதிலும் ஒரு புள்ளி இல்லை.

"சாக்கடையும் சுத்தமாயிடுச்சா?"

அவன் எட்டிப் பார்த்தான். பல் மறைந்தது. "அதை யாருக்கா கவனிச்சா... மத்த பன்னெண்டும் நல்லா வந்துச்சேன்னு..."

"சாக்கடையைக் கொஞ்சம் குடிச்சுக் காட்டேன், பார்ப்போம்."



மூலையில் புத்தம்புது சூட்டுப் பெட்டி நின்றது. திறப்பு விழாவுக்காகவே வாங்கியது. முகப்பில் பச்சை எழுத்தில் முப்பத்தேழு டிகிரி என்று பளபளத்தது.

அவள் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

சில்லென்றிருந்தது.

அந்த முப்பத்தேழு, இவர்கள் வைக்கச் சொன்ன சூடு. பெட்டி தந்த சூடு அல்ல. உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. குளிரில் கிருமி முளைக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் நல்லதா கெட்டதா, இந்த நொடியில் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"பழைய பெட்டி எங்க?"

"கிடங்குல. நல்லாத்தான் இருக்கு. பார்வைக்கு நல்லால்லைன்னு..."

"எடுத்துட்டு வா. முதல்லேர்ந்து ஆரம்பி. நாளைக்கு இதே நேரம் நானே வந்து எண்ணுறேன்."

"அக்கா, கீழ நாலாயிரம் பேர். டிவி எல்லாம் வந்திருக்கு. இப்ப போய் இல்லன்னா, கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"கிழிக்கட்டும்."

இறங்குவதற்கு மட்டும் லிஃப்டில் ஏறினாள். அந்த இரண்டு கோட்டுக்காரர்களும் நிம்மதியாகப் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

மேடையில் ரிப்பன், வெள்ளித்தட்டு, கத்தரிக்கோல். அவள் அதையெல்லாம் தாண்டிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

"இன்னைக்குக் குழாய் திறக்க மாட்டோம். எங்க சோதனை தப்பாயிடுச்சு. இந்தத் தண்ணி நல்லதான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது. நாளைக்குத் தெரியும்."



முதல் வரிசையில் ஒரு பெண். போன மழையில் மகளைப் பறிகொடுத்தவள். தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"தெரியாதுன்னு சொல்ல இத்தனை நாளா ஒருத்தருக்கும் வாய் வரல. நீ போய் நல்லா எண்ணிட்டு வா தாயி. நாங்க இருக்கோம்."

யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அடுத்த வாளி கவிழ்ந்தது. அதற்கடுத்தது. கைத்தட்டல் மைதானத்தின் கடைசி வரிசைவரை போய், சுவரில் மோதித் திரும்பி வந்தது.

இருபத்திரண்டு வருடம் முன்பு, இதே கட்டடத்தில், சந்தேகமான ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் இதே 'தெரியாது' என்ற சொல்லைத்தான் சொன்னாள். அன்று மாலையே வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

இன்று அவளை வேலையை விட்டுத் தூக்கும் அதிகாரம், எதிரே வாளிமேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு.

இரண்டு மாதம் முன்பு வரிசையில் நின்று வாக்களித்து, அவளை நாட்டின் அதிபராக்கியவர்கள் அவர்கள்தான்.