வாரத்துக்கு நான்கு

நண்பகலுக்கு இன்னும் இருபது நிமிடம். லெசியெலியிடம் மூன்று பயணங்கள்தான் இருந்தன.

விதி எளிது. அந்த இணைய விளையாட்டில் யார் வேண்டுமானாலும் விமான நிறுவனம் நடத்தலாம். ஆனால் ஒரு தடத்தை வைத்துக்கொள்ள, அடுத்த வாரத்துக்கு நான்கு பயணங்களாவது கையில் வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை நண்பகலில் சரிபார்ப்பார்கள். குறைந்தால் தடம் போய்விடும். தடம் போனால் அதன் அரட்டை அறையும் மூடிக்கொள்ளும்.

தடம் போனால் போகட்டும். அவளுக்கு அறை வேண்டும்.

அவளுடைய தீவு நாட்டின் தலைநகர் நுக்குஅலோஃபாவிலிருந்து வவாவு தீவுக்கு. உலகம் முழுவதிலிருந்தும் அந்தத் தடத்தில் இரண்டே பேர். அவள் பெயர் அங்கே 'தவாக்கே', ஒரு கடற்பறவை. மற்றவன் 'சிவப்புத் தாழை'.

வவாவுவின் ஓடுதளம் சிறியது. விளையாட்டிலும் நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் இறங்க முடியாது. திங்கள் முதல் சனி வரை பன்னிரண்டு. அதில் ஒன்பது அவனிடம். புதன்கிழமை அவள் புதுப்பிக்க மறந்த ஒன்றையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டுவிட்டான்.

"என்னடா தவாக்கே, மூணுதான் மிச்சம் போல," என்று திரையில் வந்தது. "பேசாம பொம்பளைங்களோட உக்காந்து பாய் முடையப் போ."

"முடைஞ்சா மொதப் பாய் உனக்குத்தான்டா. உன் விமானத்துல சீட்டே இல்லையாமே. தரையில விரிச்சுக்க."

மூன்று மாதமாக இப்படித்தான்.

"சரி மச்சான், ஞாயிறு ரெண்டும் சும்மாதானே கெடக்கு," என்று எழுதினான். "ஒண்ணப் போட்டுக்கோ. கர்த்தர் இந்த விளையாட்டுல சேரல."

"அப்ப நீ போடேன்."

"நான் மாட்டேம்பா."

விளையாட்டின் விதிகளில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தடை இல்லை. மற்ற நாடுகளின் தடங்களில் ஞாயிறன்றுதான் கூட்டம் அதிகம். இந்த ஊரில் அது கர்த்தருடைய நாள்; விமானம் பறக்காது. அவர்கள் இருவரும் திரையில்கூட அந்தக் கட்டங்களைத் தொட்டதில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டு.

அவள் வேகமாகத் தட்டினாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பிரசங்கத்தப் பாதியில நிறுத்திட்டு அடிக்க வருவாரு. அன்னைக்கு ஒருத்தன் கோயில் கதவச் சாத்தாம விட்டு, பன்னி நேரா பீடத்துல ஏறிச்சே, அப்ப வந்த மாதிரி."

அனுப்பிய பிறகுதான் அதைப் படித்துப் பார்த்தாள்.

அவன் பதில் எழுதுகிறான் என்பதற்கு மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடியும் துடித்தன. நின்றன.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அவனுடைய ஒன்பது எட்டாயிற்று. அந்த ஒன்று அவளுக்குப் போதும். திங்கட்கிழமைக் காலைப் பயணம். எடுத்துக்கொண்டாள்.

எட்டு, ஆறாயிற்று. பிறகு மூன்று. பிறகு ஒன்றுமில்லை.

'சிவப்புத் தாழை இத்தடத்திலிருந்து விலகிவிட்டது.'

பன்னிரண்டு மணிக்குப் பச்சைக் குறி விழுந்தது. தடம் நிலைத்தது. அறை திறந்தே இருந்தது. மேல் மூலையில், உறுப்பினர் ஒருவர் என்று காட்டியது.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"லெசி, அண்ணன் சாப்பிட வர்றான். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ."

தோட்டத்தின் பின்னால், ஆண்பிள்ளைகள் படுக்கும் கொட்டகையின் கதவு திறந்தது. ஃபெலெட்டி வந்தான். அவள் இருக்கும் பக்கம் அவன் எப்போதும் தலையைத் தூக்குவதில்லை. இன்று தோளையும் சேர்த்துக் குனிந்திருந்தான். தட்டை வாங்கிக்கொண்டு, உட்காராமல் திரும்பிப் போனான்.

தங்கையைப் பெயர் சொல்லிக் கேலி செய்வதற்கு இங்கே எந்த அண்ணனுக்கும் வாய் வராது. அவள் உட்கார்ந்திருக்கும் அறையில் நின்று சிரிக்கவும் மாட்டான். அவளுக்கு ஒன்று வேண்டுமென்றால், அதில் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் நகர்ந்துவிடுவான்.

தவாக்கே யாரென்று அவனுக்கு இன்றுதான் தெரியும். அன்றைக்குக் கோயில் கதவைச் சாத்தாமல் விட்டவன் அவன்தான்.

அவளுக்கு இரண்டாவது வாரமே தெரியும். வேடிக்கையாக எதையாவது எழுதி அனுப்பினால், கொட்டகையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும். அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஐந்து நொடி. அதிகம் போனால் ஏழு.