சுருட்டிய சட்டைக்கை

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒச்சம்மாளிடம் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததும், அவள் புருஷன் வீரணன் தன் சட்டைக்கையைச் சுருட்டி நீட்டினார்.

"என்னுத எடு தாயி. அவளுக்கே ரத்தம் பத்தாது."

"இது ஏத்துறதுக்கு இல்லய்யா. அவங்க ரத்தத்தையே மிஷின்ல சுத்தி, மஞ்சளாப் பிரியுறத ஆபரேஷன்ல முறிஞ்ச எடத்துல விடுவாங்க. எலும்பு சீக்கிரம் கூடும்னுதான். அடுத்தவங்களோடது ஆகாது."

ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் அடுத்தவராம். வெளியே போய் உட்கார்ந்தவர் சட்டைக்கையை இறக்கவே மறந்துபோனார்.

ஆபரேஷன் முடிந்து சாயங்காலம் கண் விழித்தவள், பக்கத்தில் நின்றவரின் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஒங்ககிட்டயுமா எடுத்தாக?"

அவர் வாய் திறப்பதற்குள், தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை உரித்து, ஊசியே படாத அவர் கையில் வைத்து அழுத்தினாள். பஞ்சு விழுந்துவிடாதபடி வீரணன் முழங்கையை மடக்கிக்கொண்டார்.