ஒடிசாவில் மழை இல்லை

“இங்க ஒரு சொட்டு மழை இல்லம்மா. ஓடையெல்லாம் வத்திக் கிடக்கு. வெயிலு மண்டையப் பிளக்குது.”

ஸ்பீக்கரில் போட்டிருந்த போன், பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். வெளியே ஆரியசாலைச் சந்தில் கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமைதோறும் அம்மிணியின் வீட்டில் பெண்கள் ஐக்கிய ஜெபம் இப்படித்தான் தொடங்கும். ஒடிசா மலையில் மிஷனரியாக இருக்கும் அவள் மகன் பிரபின் முதலில் போனில் பேசுவான். பிறகு எல்லோரும் அவனுக்காக ஜெபிப்பார்கள்.

“இன்னிக்கு என்னெல்லாம் செய்தே மக்களே?” என்று கேட்டாள் ராஜபாய். ஐக்கியத்தின் செயலாளர் அவள்தான்.

“காலம்பற மலையேறினேன் மாமி. பிள்ளையளுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தேன். ஒரு வீட்டுல காய்ச்சல், அங்க இருந்து ஜெபிச்சேன். மத்தியானம் கேப்பைக் கூழுதான்.”

“கேட்டியளா! நம்ம சபைக்குப் பேரு வாங்கித் தந்த பிள்ளையாக்கும்.” ராஜபாயின் குரல் தழுதழுத்தது.

அவளுடைய சொந்த மகன் துபாயில் ஏசி அறையில் வேலை பார்க்கிறான். அவனை மலைக்கு அனுப்பும் பேச்சை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பெண்கள்தான் பிரபினுக்கு மாலை போட்டு, பிளாட்பாரத்தில் நின்று பாட்டுப் பாடி ரயிலேற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மிணிக்கு சர்ச்சில் முதல் பெஞ்சு. பெயர்கூட மாறிவிட்டது, ‘மிஷனரிக்க அம்மை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அம்மிணி போனை நோக்கிக் குனிந்தாள். “ஒருக்கா வீட்டுக்கு வந்திட்டுப் போ மக்கா. எனக்கு ஒன்னோட இருந்து ஒரு நேரம் சோறு தின்னணும்.”

“ஊழியம் இருக்கேம்மா” என்றான்.

ராஜபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “நீ ஒண்ணு அம்மிணி! ஊழியத்துக்குக் குடுத்த பிள்ளைய இப்பிடிக் கூப்பிடப்பிடாது. லிஜோவுக்க அம்மையும் இப்பிடித்தான் அழுதா. அவன் பீகார் ஊழியத்துல இருந்து பாதியில ஓடி வந்தான். இப்ப என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். லிஜோவின் அம்மா ஓமனா இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், ஆராதனை முடிந்தால் அவளிடம் பேச ஆளில்லை. லிஜோ ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

மலேரியாவில் எலும்பும் தோலுமாக வந்து இறங்கியவனிடம், ஒரு வாய் கஞ்சி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்க மட்டும் சபையே வீடு தேடிப் போனது. அவமானம் தாங்காமல் அவன் ஒருமுறை சாகத் துணிந்ததாகவும் பேச்சு.



அப்போது சந்தே குலுங்கும்படி ஓர் இடி இடித்தது. பைபிளுக்குப் பக்கத்தில் இருந்த போனுக்குள்ளிருந்தும் அதே இடி கரகரவென்று உறுமியது. கரண்டு போய்விட்டது.

“சார்ஜ் தீருது மக்கா, வைக்கேன்.” அம்மிணி போனை வெடுக்கென்று எடுத்து அணைத்தாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ராஜபாய் உருக்கமாக ஜெபித்தாள். எங்கள் மிஷனரி ஒருநாளும் பின்வாங்கிப் போகாதபடி காத்தருளும் என்றாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

கட்டன்காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒருத்தி தன் போனைப் பார்த்துச் சொன்னாள். “இங்க பக்கத்துல, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல முட்டளவுக்கு வெள்ளம் ஏறியிருக்காம். ஓட்டோ ஒண்ணும் வராது. பைய நடப்போம்.”

ராஜபாய் வாசலில் நின்று அம்மிணியை உற்றுப் பார்த்தாள். “ஒனக்கு மொகமே செரியில்ல பிள்ளே. போன வாரம் மார்த்தாண்டத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு வீட்ட விட்டு எறங்கினே. பஸ் ஏறாம தம்பானூரோட திரும்பி வந்தே. அன்னையில இருந்தே இப்பிடித்தான் இருக்கே. டாக்டரக் காணு.”

“தலைசுத்தாக்கும் அக்கா. செரியாயிரும்.”

குடைகள் சந்து முனை திரும்பும்வரை அம்மிணி நின்றாள். பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மகனுக்குப் போன் செய்தாள்.

“என்னம்மா, எல்லாரும் போயாச்சா?”

“போயாச்சு. நீ வல்லதும் தின்னியா?”

“தின்னேன். இனி சாயங்கால ஜெபத்துக்கு அந்தப் பக்கத்து மலைக்குப் போணும். இந்த வெயிலுதான் தாங்க முடியல.”

அம்மிணி ஜன்னல் வழியே சந்தில் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“தம்பானூர்ல முட்டளவு தண்ணியாம் மக்கா. நீ நிக்கிற அந்த லாட்ஜ் படியில மேல ஏறி நில்லு.”