ஓட்டுக்கு ஒரு பரீட்சை

"சட்டம் போடறது யாருப்பா?" மகள் மறுபடியும் கேட்டாள்.

"போலீஸ்காரன்."

"ஐயோ அப்பா! போலீஸ் ஆளைப் பிடிக்க மட்டும்தான் செய்யும். சட்டம் போடறது சட்டசபை. சரி, தேர்தல் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?"

"அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

சட்டைப் பொத்தானை மாட்டியபடியே அப்பா அசடு வழிந்தார்.

"இதெல்லாம் தெரியாதவங்களுக்கு இனிமே ஓட்டே கிடையாதாம். இன்னைக்கு யாராவது கேட்டா இப்படியா உளறுவீங்க? மானம் போயிடும்ப்பா."

"நாலாங்கிளாஸ் மண்டையில இவ்வளவுதாம்மா ஏறும்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதட்டியிருக்க வேண்டாமோ என்று நினைத்தபடி அவரை வாசல்வரை கூட்டி வந்தாள். டிரைவர் ஓடி வந்து கார் கதவைத் திறந்தார்.

"அமைச்சரய்யா, இந்த ஓட்டுப் பரீட்சைச் சட்டத்தை இன்னைக்குச் சபையில நீங்கதான் கொண்டு வர்றீங்களாமே? என்னை மாதிரி படிக்காதவன் என்னங்கய்யா பண்றது?"

"படிச்சுப் பாஸ் பண்ணுய்யா! அது என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்று அதட்டியபடி அப்பா காரில் ஏறினார். "புரியலைன்னா என் பொண்ணுகிட்ட கேளு. நல்லா சொல்லிக் குடுப்பா."

டிரைவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். திருப்பிக் கும்பிட அவளுக்குக் கை எழவில்லை.